பதினொரு மீனுக்கு ஒரே அப்பன்

என் அத்திம்பேர் அனந்தகிருஷ்ணன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு சரியான விஷயத்தைச் சொன்னார். அதைச் சொன்ன நாளிலிருந்துதான் அவர் உருப்படாமல் போனார்.

மற்றவர்கள் சரியான விஷயத்தைச் சொல்லி, யாரும் காதில் வாங்கவில்லையென்றால், எக்கேடோ கெடட்டும் என்று காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். அத்திம்பேர் காப்பியையும் குடித்துவிட்டு, காப்பி கொடுத்தவளிடமும் அதையே சொல்வார். காப்பி கொடுத்தவள் என் அக்கா நாகலக்ஷ்மி. அவளுக்கு அது காயத்ரி மந்திரத்தைவிட நன்றாகப் பாடமாகிவிட்டது.

பம்பாய் மாட்டுங்காவில் மூன்றாவது மாடியில் அவர்களுக்கு இரண்டு அறை. அதே கட்டடத்தில் கீழே ஒரு அறை எனக்கு. நான் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா, பேர் பஞ்சு. அதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. என் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அத்திம்பேர்தான் தின்றார் என்பதால் அவரைப் பற்றிச் சொல்ல எனக்குப் பூரண உரிமை உண்டு.

அவர் ஒரு காலேஜில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். புரொபசர் பாடம் நடத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனபின், பையன்களுக்குத் தவளையை அறுத்துக் காட்டுகிற உத்தியோகம் அது. பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்து, வெங்காயம்கூடச் சேராத வீட்டில் வளர்ந்து, தவளை அறுப்பதற்காகவே பம்பாய் வரைக்கும் ரயில் ஏறி வந்தவர். அது போதாதென்று மீன் ஆசை வேறு. தின்கிற ஆசையாக இருந்திருந்தால் ஏதாவது ஒரு ஹோட்டலில் ரகசியமாக முடிந்துபோயிருக்கும். இவருடையது ஆராய்ச்சி ஆசை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாஹிம் கழியிலும் டிராம்பே பக்கத்துச் சேற்றிலும் முழங்கால் புதைய நின்று, கோலிக்காரர்களிடம், அதாவது அந்த ஊர்ச் செம்படவர்களிடம், மீன் வாங்கி வருவார். அவருக்கு ரொம்பச் செல்லம், நிவ்டி என்று கோலிகள் சொல்கிற ஒரு விரல் நீள மீன். தண்ணீர் வடிந்த சேற்றின் மேல் அது தவளைக்குப் போட்டியாகத் தத்திக்கொண்டிருக்கும். கண் இரண்டும் தலைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். நம் பக்கத்தில் உளுவை என்கிறார்களே, அந்த ஜாதி. இவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, அக்காவின் ஊறுகாய் ஜாடிகளில் போட்டு ஸ்பிரிட் ஊற்றி, பால்கனியில் வரிசையாக வைப்பார். மாவடு இருக்க வேண்டிய ஜாடியிலிருந்து மீன் தன்னை முறைப்பதைப் பார்த்து அக்கா முதல் வருஷம் அழுதாள். இரண்டாம் வருஷம் வேறு ஜாடி வாங்கிக்கொண்டாள்.

அந்தச் சரியான விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய புரொபசர் ஒரு கட்டுரை எழுதி, சபை கூட்டி வாசித்தார். பம்பாய்க் கழிச் சேற்றில் வாழும் மீன்களில் பதினாலு வகைக்குக் கண் தலைக்கு மேல் இருக்கிறது, ஆகையால் கண்ணை மேலே ஏற்றியது சேறுதான், அதற்குப் பதினாலு மீனும் பதினாலு சாட்சி என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அத்திம்பேர் மட்டும் எழுந்து நின்றார். பதினாலில் பதினொன்று உளுவை ஜாதி. பதினொன்றுக்கும் அப்பன் ஒருவன்தான். அந்த ஆதி உளுவைக்கு ஏதோ ஒரு காலத்தில் ஒரே ஒரு தடவை கண் மேலே போயிற்று. பிள்ளை பேரன்களெல்லாம் அதைப் பிதுரார்ஜித சொத்தாக வாங்கிக்கொண்டன. ஆகவே இது பதினோரு சாட்சி இல்லை, ஒரு சாட்சி. மீதி மூன்றையும் சேர்த்தால் நாலு. யார் யாருக்குச் சொந்தம் என்று முதலில் பாருங்கள், பிறகு எண்ணுங்கள் என்றார்.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். சபையில் சிலருக்குப் புரியவில்லை என்று பட்டது போலிருக்கிறது, உதாரணம் வேறு சொன்னார். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி எல்லாருக்கும் மூக்கு வளைந்திருந்தால், அது அவர்கள் குடியிருக்கும் தெருவின் குற்றமா என்று கேட்டார். புரொபசருக்கும் அவர் அண்ணன் தம்பிகளுக்கும் மூக்கு கொஞ்சம் வளைந்துதான் இருக்கும். அத்திம்பேருக்கு அது ஞாபகம் வரவில்லை. புரொபசருக்கு வந்தது. அதன் பிறகு அத்திம்பேரிடம் படித்த பையன்களெல்லாம் லெக்சரர் ஆனார்கள். அத்திம்பேர் தவளையோடு நின்றார்.

இந்தத் தத்துவத்தை மீனோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் பம்பாய் மேல் குண்டு போடப் போகிறான் என்று மாட்டுங்காவில் பாதிப்பேர் மூட்டை கட்டினார்கள். எங்கள் கட்டடத்தில் ஏழெட்டுப் பேர் வந்து தேதியோடு சொன்னார்கள். நானும் பெட்டியைத் தூசி தட்டி எடுத்து வைத்தேன். அத்திம்பேர் நிதானமாக ஒவ்வொருவரிடமும் உனக்கு யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டு, அந்த ஆளிடம் போய் உனக்கு யார் சொன்னது என்று கேட்டு, இப்படியே பின்னால் போனார். எல்லா வழியும் தாதரில் ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிறவரிடம் போய் நின்றது. அவருக்கு யார் சொன்னது என்றால், அவருக்கே தோன்றியதாம். நாங்கள் ஊருக்குப் போகவில்லை. குண்டும் விழவில்லை. விழுந்திருந்தால் நானும் போயிருப்பேன், அத்திம்பேரின் தத்துவமும் போயிருக்கும். இரண்டாவது நஷ்டத்தை மாட்டுங்கா எப்படியோ தாங்கியிருக்கும்.

அந்த வெற்றியில் அவருக்குத் தலை கால் தெரியவில்லை. அப்போதுதான் பாகீரதிக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தோம்.

பாகீரதி அவர்களுக்கு ஒரே பெண். இண்டர் வரை படித்தவள். நம்மவர்கள் பையனை எப்படி விசாரிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பஜனையில் ஒருவரைக் கேட்பார்கள், மார்க்கெட்டில் ஒருவரைக் கேட்பார்கள், ரயிலில் எதிரே உட்கார்ந்தவரையும் விட மாட்டார்கள். முதல் வரனுக்கு அந்த வேலை எனக்கு வந்தது. கோட்டையில் ஒரு பாங்கில் வேலை பார்க்கிற பையன். பத்துப் பதினைந்து நாள் அலைந்து பதினோரு பேரிடம் விசாரித்தேன். பதினோரு பேரும் தங்கமான பையன் என்றார்கள். அக்கா சந்தோஷத்தில் பாயசம் வைத்தாள். அத்திம்பேர் பாயசத்தைக் குடித்துவிட்டு, ஒரு சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு பால்கனிச் சுவருக்குப் போனார். யாருக்கு யார் சொன்னார் என்று என்னைக் குடைந்து குடைந்து கேட்டுக் கிளை கிளையாகக் கோடு இழுத்தார். கிளையெல்லாம் இறங்கி வந்து ஒரே அடிமரத்தில் சேர்ந்தது. அடிமரம், பையனின் சித்தப்பா.

ஒரே சாட்சி, அதுவும் சித்தப்பா என்று சொல்லிக் கையைத் தட்டிக்கொண்டார். பையன் நிஜமாகவே தங்கமாக இருக்கலாமே என்று அக்கா கேட்டாள். தாராளமாக இருக்கலாம், ஆனால் இதுவரை அதை யாரும் சொல்லவில்லை என்றார். அந்த வரன் அப்படிப் போயிற்று.

மாட்டுங்காவில் இந்த மனிதருக்கு எங்கே போய் ஒட்டு உறவில்லாத சாட்சி பிடிப்பது? கல்பாத்தி, நூரணி என்று ஒரே ஆற்றங்கரையிலிருந்து வந்து, ஒரே ரயில் நிலையத்தில் இறங்கி, ஒரே தெருவில் குடியேறியவர்கள் நாங்கள். யாரை இழுத்தாலும் இரண்டு தலைமுறைக்கு அப்பால் சம்பந்தி. யாராவது ஒருவர் தும்மினால் நாலு வீட்டில் ஆயுசு சொல்வார்கள். இரண்டாவது வரனும் மூன்றாவது வரனும் சுவர்க் கோட்டில் அடிபட்டன.

நாலாவது வரன்காரர்கள் எப்படியோ தப்பிப் பெண் பார்க்கவே வந்துவிட்டார்கள். அவர்களை மீன் பார்த்துக்கொண்டது. மாடிப்படி ஏறும்போதே பையனின் அப்பா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பாகீரதி பாட உட்கார்ந்தாள். அவள் சரணத்துக்கு வரும்போது அந்த மனிதர் பக்கத்திலிருந்தவரிடம், இது பிராமணன் வீடா கோலிக்காரன் வீடா என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டார். பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். பாகீரதி பாட்டை அப்படியே நிறுத்தி, சுருதிப் பெட்டியை மூடிவிட்டு உள்ளே போனாள். அத்திம்பேர் அப்போது பையனைப் பால்கனியில் நிறுத்திவைத்து, ஜாடியைத் தூக்கிப் பிடித்து, பதினொன்றுக்கும் அப்பன் ஒருவன்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. பாகீரதியின் முகத்தை நான் பார்த்தேன். தன்னை வேண்டாம் என்று போய்விடுவார்களே என்பதற்கு வந்த முகம் இல்லை அது.

அதற்குப் பிறகு நாங்கள் யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை, எங்களை மற்றவர்கள் விசாரித்துக்கொண்டார்கள். மீன் வாடை அடிக்கிற வீடு என்று மாட்டுங்கா முழுக்க ஒரே குரலில் சொல்லிற்று. பாகீரதி ரேஷன் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். யுத்தம் வந்து ரேஷன் வந்ததில் எத்தனையோ வீட்டில் அரிசி குறைந்தது, எங்கள் வீட்டில் மட்டும் பெண்ணுக்கு உத்தியோகம் வந்தது. வயது இருபத்திரண்டு ஆயிற்று. அக்கா பஜனைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். போனால் சுவாமிக்கு முன்னால் நாலு பேர் பாகீரதியைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்றாள். ஒருநாள் என் அறைக்கு வந்து, இந்த வருஷம் முடியவில்லையென்றால் இவளைக் கேட்டு இனி யாரும் படியேற மாட்டார்கள், உன் அத்திம்பேர் இவளையும் ஒரு ஜாடியில் போட்டு வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அப்போது செம்பூரிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பையன் வேங்கடசுப்ரமணியன், ரயில்வே பட்டறையில் டிராப்ட்ஸ்மேன். அப்பா அம்மா இல்லை. கொஞ்ச நாள் தாராவி ஓரத்தில் ஒரு சிநேகிதனோடு இருந்துவிட்டு, இப்போது செம்பூரில் ஒரு பாலக்காட்டு மெஸ்ஸில் இருக்கிறான். ஜாதகம் பொருந்திற்று. கோத்திரமும் வேறு. நம் ஆசாரங்களில் அத்திம்பேருக்கு மரியாதை உண்டென்றால் அது கோத்திரத்துக்கு மட்டும்தான், யார் யாருக்குச் சொந்தம் என்று முதலில் பார்த்துவிட்டுப் பிறகு காரியத்தில் இறங்குகிறார்களே என்று மெச்சுவார். பையனுக்குச் சித்தப்பாவே கிடையாது என்றதும் அவருக்குப் பாதி திருப்தி வந்துவிட்டது.

மீதிப் பாதிக்கு நிபந்தனை போட்டார். மூன்று சாட்சி வேண்டும். பையனுக்கும் நமக்கும் அவர்கள் சொந்தமாக இருக்கக் கூடாது. அவர்களுக்குள்ளும் ஜாதி, மதம், தெரு எதுவும் ஒட்டக் கூடாது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பாகீரதிதான் நிதானமாக, ரேஷன் ஆபீஸில் எல்லாருடைய கார்டும் இருக்கிறது, அவர் எங்கே அரிசி வாங்கினார், எங்கே சாப்பிடுகிறார் என்று பார்த்து மூன்று பேர் சொல்கிறேன் என்றாள். மறுநாளே சொன்னாள். ஒரு இரானி, ஒரு முஸ்லிம், ஒரு திருநெல்வேலி அம்மாள். அத்திம்பேருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வீட்டில் முதன்முதலாக ஒரு ஆராய்ச்சி மூளையைப் பார்க்கிறேன் என்றார். ஒருவன் எந்த ஹோட்டலில் டீ குடிக்கிறான் என்பது ரேஷன் கார்டில் எப்படி எழுதியிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

முதலில் இரானி. கிங் சர்க்கிள் பக்கம் டீக்கடை வைத்திருக்கிற பெஹ்ராம். கல்லாவிலிருந்து எழுந்திருக்காமலே, பம்பாய் இந்தியில், நல்ல பையன், சத்தம் போட மாட்டான், பிஸ்கட்டை எண்ணித் தின்று எண்ணிச் சொல்வான் என்றார். நாங்கள் கிளம்பும்போது கூப்பிட்டு, இன்னொன்று, மீன் வாடை அடித்தால்கூட முகத்தைச் சுளிக்க மாட்டான் என்றார். இரானிகள் ஒருவனைப் புகழ்வது இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அத்திம்பேர் ஒன்று என்று விரலை மடக்கினார்.

அடுத்த ஞாயிறு தாராவி. தோல் கிடங்குகளைத் தாண்டிப் போக வேண்டும். பட்டணத்தில் யாருக்காவது எங்கள் வீட்டு வாடையைப் பற்றிப் பேச யோக்கியதை இல்லையென்றால் அது தாராவிக்காரர்களுக்குத்தான். அங்கே ரேஷன் கடை வைத்திருந்தவர் ஷாகுல் ஹமீது, மேலப்பாளையத்துக்காரர். எங்களை மூட்டை மேல் உட்காரவைத்து சர்பத் வாங்கிக் கொடுத்தார்.

"நல்ல புள்ள சாமி. வரிசைல முந்திக்கிட்டு நிக்க மாட்டாப்ல. எடையில கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் சத்தம் போட மாட்டாப்ல. பொறவு, மீன் வாடைக்கு மூஞ்சியச் சுளிக்க மாட்டாப்ல. அதுதான முக்கியம்" என்றார்.

அத்திம்பேர் இரண்டாவது விரலை மடக்கப் போனவர் பாதியில் நிறுத்தினார். எதற்கு அது முக்கியம் என்று கேட்டார். ஷாகுல் ஹமீது கொஞ்சம் யோசித்துவிட்டு, முக்கியம்னுதான் சொன்னாங்க என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்பதற்குள் நாலைந்து பேர் கார்டை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாவது சாட்சி மாட்டுங்கா லேபர் கேம்ப்பில். பேராச்சி என்று பேர். செம்பூர் மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கப் போகிறவள். குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தாள்.

"நல்ல ஐயரு. தின்ன எலைய அவுகளே எடுத்துப் போட்டுருவாக. மீன் நாத்தத்துக்கு மொகத்தச் சுளிக்க மாட்டாக" என்றாள், ஒரே மூச்சில்.

அந்த மெஸ்ஸில் மீன் உண்டா என்று அத்திம்பேர் ரொம்ப மெதுவாகக் கேட்டார். ஐயர் மெஸ்ஸில் மீன் ஏது என்று அவள் அவரையே திருப்பிக் கேட்டாள். பின்னே உனக்கெப்படித் தெரியும் என்றார். பேராச்சி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தண்ணி நின்னுரும் என்று சொல்லிக் குழாய்ப் பக்கம் போய்விட்டாள்.

திரும்பி நடக்கும்போது அத்திம்பேர் மடக்கின விரலை மறுபடியும் நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கு அதுவே பயமாக இருந்தது. ரயில் பாலத்துக்குக் கீழே வந்ததும் நின்றுகொண்டு சொல்ல ஆரம்பித்தார். நல்ல பையன் என்று மூன்று பேர் சொன்னால் மூன்று பேரும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். சத்தம் போடாதவன் என்பதும் அப்படியே. எங்கேயும் முளைக்கிற குணம் அது. மீன் வாடைக்கு முகம் சுளிக்காதவன் என்கிற விநோதமான யோக்கியதாம்சம் இரானிக்கு ஒரு தரம், ஷாகுல் ஹமீதுக்கு ஒரு தரம், பேராச்சிக்கு ஒரு தரம் என்று தனித்தனியாக முளைக்காது. ஒரு இடத்தில் முளைத்து, மூன்று பேருக்குப் போயிருக்கிறது. மாப்பிள்ளைக்கு இதை ஒரு லட்சணமாக நினைக்கிற வீடு இந்த லோகத்தில் ஒன்றுதான் இருக்கிறது, அது நம் வீடு என்றார்.

மூவரும் ஒரே வம்சம் இல்லை என்று பார்த்தாரே தவிர, ரேஷன் ஆபீஸில் பாகீரதியின் கவுண்டருக்கு முன்னால் நிற்கிறவர்கள் என்று பார்க்கவில்லை. சேற்றில் வாழும் மீனையெல்லாம் சொந்தக்காரர்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தவருக்குச் சேறு மறந்துபோயிற்று. இதை நான் அப்போதே சொல்லிக்காட்டினேன். சரிதான் என்று ஒப்புக்கொண்டார். அப்படியானால் சாட்சி செல்லாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஜப்பான் குண்டையும் சித்தப்பாக்களையும் இந்த மனிதர் செல்லாது என்றபோது எனக்கு ஒன்றுமில்லை. இது அந்தப் பெண்ணின் வாழ்க்கை. சொத்து, அழகு, உத்தியோகம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தன் புருஷனுக்கு இது ஒன்று இருந்தால் போதும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாளே, அது யாருக்காக?

"அத்திம்பேர், அவ தனக்கு மாப்பிள்ளை தேடலை. உங்களைப் பார்த்து மூக்கைப் பொத்திக்காத ஒருத்தனைத் தேடியிருக்கா. மீனோட கண்ணு எங்கேருந்து வந்ததுன்னு தெரியறது, இது தெரியலையா உங்களுக்கு?" என்றேன்.

 வீடு வரைக்கும் வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தார்.

வீட்டில் அக்கா கதவைத் திறந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். பாகீரதி உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்தாள். டம்ளரை வைக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அத்திம்பேர் காப்பியைத் தொடவில்லை.

"மூணு சாட்சியும் ஒரு சாட்சி. அந்த ஒண்ணு நீ. அவன் முகம் சுளிக்கமாட்டான்னு உனக்கு யார் சொன்னா?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லலை. நானே பார்த்தேன்" என்றாள் பாகீரதி.

பிறகு நின்றபடியே முழுக்கச் சொன்னாள். ஒருநாள் அப்பா சொன்னார் என்று, சயானில் கோலிக்காரனிடம் நிவ்டியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நேரே ஆபீஸுக்குப் போயிருக்கிறாள். வெயில் ஏற ஏற கவுண்டரில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கூட வேலை பார்க்கிறவள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அந்த நேரத்தில் இந்த வேங்கடசுப்ரமணியன் கார்டில் விலாசத்தைச் செம்பூருக்கு மாற்ற வேண்டும் என்று வந்து நின்றான். முகம் சுளிக்கவில்லை. பையில் என்ன என்று கேட்டான். அதன் பிறகு அவன் விண்ணப்பத்தில் ஏதோ தப்பு இருக்கிறதென்று அவள் இரண்டு மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவனும் அலுக்காமல் ரயிலேறி வந்திருக்கிறான். சர்க்கார் ஆபீஸில் ஒருவனை வீணாக அலையவிடுவதற்குள்ளே இத்தனை பிரியம் ஒளிந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அத்திம்பேருக்கு அந்தப் பிரியத்தில் அக்கறை இல்லை.

"பையில என்னன்னு கேட்டானே, நீ என்ன சொன்னே?"

"உளுவை ஜாதின்னேன். எங்கப்பாகிட்ட பதினொரு தினுசு இருக்கு, பதினொண்ணுக்கும் ஒரே அப்பன்னேன்."

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

"அப்போ பதினொண்ணுன்னு எண்ணப்படாதே, ஒண்ணுன்னுதானே எண்ணணும்னு கேட்டார்."

அத்திம்பேர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே தெருவில் பால்காரன் யாரோடோ மராட்டியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"நீ சொல்லிக்குடுத்தியா?"

"இல்லேப்பா. தானாவே சொன்னார்."

அவர் எழுந்து பால்கனிக்குப் போனார். ஜாடிகளுக்குப் பக்கத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்தச் சபையிலிருந்து இந்த நாள் வரைக்கும் புரொபசரிடம், பையன்களிடம், என்னிடம், அக்காவிடம், பெண் பார்க்க வந்தவனிடம் என்று அவர் சொல்லாத ஆள் இல்லை. சரி என்று ஒரு ஜீவன் சொன்னதில்லை. நாங்களும் தலையாட்டியிருக்கிறோம், காப்பி ஆறிப்போகிறதே என்பதற்காக. அவர் தோள் லேசாக ஆடிற்று. அழுகிறார் என்று தெரிந்ததும் அக்கா எழுந்திருக்கப் போனாள், நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் உள்ளே வந்து, ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார்.

"அப்போ ரெண்டு" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. பாகீரதிக்கு மட்டும் புரிந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுவரை அந்தத் தத்துவத்துக்கு அவர் ஒருவர்தான் சாட்சி என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. செம்பூருக்கு அடுத்த ரயில் எப்போது என்று அத்திம்பேர் என்னைக் கேட்டார்.

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. பெஹ்ராம் ஒரு டின் பிஸ்கட் அனுப்பினார். ஷாகுல் ஹமீது ரேஷனுக்கு மேலே கொஞ்சம் சர்க்கரை அனுப்பினார், அது எங்கிருந்து வந்தது என்று அத்திம்பேர்கூட விசாரிக்கவில்லை. பேராச்சி நேரில் வந்து மாப்பிள்ளையைப் பார்த்து, இவுகதானா அந்த ஐயரு என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்.

மகா விசாரணைக்காரரான என் அத்திம்பேர் கடைசியில் எந்தச் சாட்சியத்தை நம்பிப் பெண்ணைக் கொடுத்தார் என்று பாருங்கள். சொன்னவள் சொந்தப் பெண். கல்யாணம் நடந்தாக வேண்டும் என்று இருந்தவளும் அவளே. கூட இன்னொரு சாட்சி கிடையாது. மூன்று பேருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நாலாவது ஆளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டாளா, அல்லது அந்தப் பேச்சே நடந்ததுதானா என்று சுவரில் ஒரு கோடு அவர் இழுத்துப் பார்க்கவில்லை. அதன் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை, அத்திம்பேரும் மாப்பிள்ளையும் டிராம்பே சேற்றில் முழங்கால் புதைய நிற்க, நான் கரையில் செருப்பைக் காவல் காத்திருக்கிறேன். வேங்கடசுப்ரமணியனைத் தனியாகப் பிடித்துக் கேட்க எனக்குச் சந்தர்ப்பம் நிறைய இருந்தது. நானும் கேட்கவில்லை.